மெனோபாஸ் செய்திகளில் பெண் எங்கே இருக்கிறாள்?

ஐம்பதைத் தாண்டிய பெண் ஒருவர் வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார். ரிப்போர்ட்டில் 'யூட்ரஸ் அட்ரோஃபிக்' என்று ஒரு வரி இருக்கும். மாதவிடாய் நின்றபின் கருப்பை சிறிதாவது இயல்பு. அந்த வரிக்கு அதற்குமேல் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர் டாக்டரைப் பார்ப்பதற்குள் செல்போனில் அந்தச் சொல்லைத் தேடிவிடுவார். தேய்வு, நலிவு, சுருக்கம், செயலிழப்பு என்று வரிசையாக வந்து விழும். வயிற்று வலியோடு போனவருக்குப் புதிதாக இன்னொரு கவலையும் சேர்ந்துவிடும்.

பூப்படையாத சிறுமியின் கருப்பையும் சிறியதுதான். அதை யாரும் நலிவு என்று எழுதுவதில்லை. வயதுக்கேற்ற அளவு என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஐம்பதில் மட்டும் அது குறைபாடாக எழுதப்படுகிறது. இந்த மொழி ஸ்கேன் அறையோடு நிற்பதும் இல்லை. பத்திரிகையின் மருத்துவப் பக்கம், யூடியூப் பேட்டி, மருந்து விளம்பரம், வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்பு என்று எங்கே திரும்பினாலும் இதுதான் ஓடுகிறது. மெனோபாஸ் பற்றி முன்பைவிட இப்போது நிறையவே எழுதுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் அதில் பெரும்பகுதி பெண்ணைப் பற்றிப் பேசுகிறதே தவிர அவளிடம் பேசுவதில்லை. படித்து முடித்தபின் அவளால் தன் உடம்பைப் பற்றி ஒரு முடிவு எடுக்க முடிகிறதா என்றுதான் நான் பார்க்கிறேன். பெரும்பாலான கட்டுரைகள் அதில் தேறுவதில்லை.

அடிப்படைத் தகவலை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால், கடைசியாக வந்த அந்த மாதவிடாயையே மெனோபாஸ் என்று மருத்துவம் கணக்கிடுகிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் இது நடக்கிறது. மேலை நாடுகளில் 51 வாக்கில். அதற்கு முன்னால் சில வருடங்கள் ஹார்மோன் அளவு ஏறி இறங்கும் காலம் ஒன்று உண்டு. பெரிமெனோபாஸ் என்கிறார்கள். குப்பென்று உடம்பெல்லாம் சூடாவது, ராத்திரியில் வேர்த்துக் கொட்டித் தூக்கம் கலைவது, மாதவிடாய் முன்பின்னாக வருவது எல்லாம் பெரும்பாலும் அப்போதே தொடங்கிவிடும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்கு வேலைக்குப் போக முடியாத அளவுக்குப் படுத்தி எடுத்துவிடும். ஆளுக்கு ஆள் மாறும் இந்த வித்தியாசம்தான் செய்திகளில் முதலில் காணாமல் போகிறது.

மெனோபாஸ் என்ற சொல்லுக்கு இருநூறு வயது. சார்ல்ஸ் த கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1821-இல் அதற்கு இந்த வடிவத்தைக் கொடுத்தார். இன்று நாம் படிக்கும் குறைபாட்டு மொழியை ஊரெங்கும் பரப்பியவர் அவர் இல்லை. நியூயார்க்கைச் சேர்ந்த மகளிர் மருத்துவர் ராபர்ட் வில்சன். 1966-இல் வந்த 'ஃபெமினின் ஃபாரெவர்' என்ற புத்தகத்தில் அவர் மெனோபாஸை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் குறைபாட்டு நோய் என்றார். நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலின் எப்படியோ, நடுவயதுப் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் அப்படி என்பது அவர் வாதம். மாதவிடாய் நின்ற பெண்களைக் காயடிக்கப்பட்டவர்கள் என்றே எழுதினார். அதற்கு மூன்று வருடம் முன்பு மனைவி தெல்மாவோடு சேர்ந்து எழுதிய மருத்துவக் கட்டுரையில், சிகிச்சை பெறாத பெண்களின் மனநிலையை மாட்டின் மந்தத்தோடு ஒப்பிட்டிருந்தார். மாத்திரை எடுத்துக்கொண்டால் இளமையும் மிஞ்சும், இல்லறமும் பிழைக்கும் என்பது அவர் தந்த உறுதி. அந்தப் புத்தகம் எழுதுவதற்கான செலவை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தயாரித்த நிறுவனமே ஏற்றுக்கொண்டது என்று அவருடைய மகன் 2002-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் சொன்னார்.

அந்தக் காலத்தில் அமெரிக்க மருத்துவ இதழ்களில் வந்த ஒரு விளம்பரம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. பிரெமரின் என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரைக்கான விளம்பரம் அது. கணவர்களுக்கும் பிரெமரின் பிடிக்கும் என்பது அதன் தலைப்பு. டாக்டர் படிப்பதற்காக அச்சிட்ட விளம்பரம், பலன் கணவருக்கு, மருந்தை விழுங்குகிறவள் மட்டும் அந்தப் பேச்சில் இல்லை. அவளுக்குத் தூக்கம் வந்ததா, சூடு தணிந்ததா என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. 1975-இல் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்துக்கொண்ட பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வருவது கூடுகிறது என்று இரண்டு ஆய்வுகள் வெளியாயின. அப்புறம்தான், கருப்பை உள்ளவர்களுக்கு அதைக் காக்க இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது நடைமுறைக்கு வந்தது.

வில்சன் போன பிறகும் அவர் மொழி போகவில்லை. எமிலி மார்ட்டின் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1980களில் மருத்துவ மாணவர்களின் பாடநூல்களை எடுத்து வரிக்கு வரி படித்தார். மூளை உத்தரவிடும், சினைப்பை (ஓவரி) கீழ்ப்படியும் என்று ஒரு தொழிற்சாலை மாதிரி பெண்ணுடல் அங்கே விவரிக்கப்பட்டிருந்தது. மெனோபாஸ் வந்ததும் சினைப்பை பதில் சொல்வதில்லை, பின்வாங்குகிறது, கட்டுப்பாடு குலைகிறது என்ற ரீதியில் வினைச்சொற்கள். அந்த நூல்களைப் படித்துத் தேறியவர்கள்தான் பிறகு ஆலோசனை அறையில் உட்கார்ந்து பெண்களிடம் பேசினார்கள், பத்திரிகைகளுக்குப் பேட்டியும் கொடுத்தார்கள். 

மருத்துவத் துறை தன் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டதையும் சொல்ல வேண்டும். 40 வயதுக்கு முன்பே சினைப்பையின் இயக்கம் குறைவதை முன்பு 'சினைப்பைத் தோல்வி' என்ற பொருளில் எழுதினார்கள். இப்போது 'சினைப்பைப் போதாமை' என்ற பெயரே பரவலாகப் புழங்குகிறது. அந்தப் பெண்களில் சிலருக்குச் சினைப்பை விட்டுவிட்டு இயங்குவதும் உண்டு, சிலர் கருத்தரிப்பதும் உண்டு. அதனால் தோல்வி என்ற பெயர் மனதைப் புண்படுத்தியது மட்டுமில்லை, மருத்துவ ரீதியாகவும் தப்பு. அதேபோல் பெண்ணுறுப்பு நலிவு என்று சொல்லிவந்ததை, சிறுநீர்ப் பாதைத் தொந்தரவுகளையும் சேர்த்துச் சொல்லும் புதுப் பெயராக 2014-இல் இரண்டு மருத்துவ அமைப்புகள் மாற்றின. ஹார்மோனை 'ஈடுசெய்யும்' சிகிச்சை என்ற பெயரும் பல இடங்களில் வெறும் ஹார்மோன் சிகிச்சை ஆகிவிட்டது. ஈடுசெய்ய வேண்டும் என்றாலே எதையோ தொலைத்துவிட்டாள் என்றுதானே ஆகிறது? நம் மருத்துவப் பக்கங்களில் மட்டும் பழைய சொற்கள் அப்படியே வந்துகொண்டிருக்கின்றன.

சொற்கள் செய்யும் சேதத்தை எண்கள் இன்னும் பலமாகச் செய்யும். அதற்கு 2002 ஜூலையில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்க அரசின் நிதியில் நடந்த 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதி பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும், கருப்பையைக் காக்கச் சேர்க்கும் அந்த இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை 16,608 பெண்களில் ஒரு பாதிக்கும், வெற்று மாத்திரையை மறு பாதிக்கும் கொடுத்து ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்திருந்தார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்பது செய்தி. உலகம் முழுக்க அந்த 26 தலைப்பாக ஓடியது.

அந்த 26 எப்படி வந்தது? வெற்று மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் எடுத்த 10,000 பேரில் அது 38. அதாவது எட்டுப் பேர் கூடுதல். அதே 10,000 பேரில் பக்கவாதம் 21-லிருந்து 29 ஆனது. இதயநோய் 30-லிருந்து 37 ஆனது. இடுப்பெலும்பு முறிவு 15-லிருந்து 10-ஆகக் குறைந்தது. பெருங்குடல் புற்றுநோயும் 16-லிருந்து 10-ஆகக் குறைந்தது. மொத்த இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. இந்த எட்டு அற்பம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எட்டுப் பேரும் யாரோ ஒருவருடைய அம்மாவோ தங்கையோதான். ஆனால் 26 சதவீதம் என்று படித்த பெண்களில் பலர், நூறு பேர் மாத்திரை சாப்பிட்டால் 26 பேருக்குப் புற்றுநோய் என்றுதான் புரிந்துகொண்டிருப்பார்கள். பத்தாயிரத்தில் எட்டு என்று படித்திருந்தால், என் வீட்டில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா, என் தொந்தரவு எவ்வளவு, இதை ஏற்கலாமா வேண்டாமா என்று யோசிக்க இடம் கிடைத்திருக்கும். 

இன்னொன்றும் தலைப்பில் வரவில்லை. ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. வேர்வையும் தூக்கமின்மையும் வாட்டும் 48 வயதுப் பெண்ணின் நிலைமை வேறு. கருப்பை நீக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்துக்கொண்ட 10,739 பெண்களின் முடிவு 2004-இல் வந்தது. அதில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. அது அந்த அளவுக்குப் பெரிய செய்தி ஆகவில்லை. 2002-க்குப் பிறகு கோடிக்கணக்கான மருந்துச்சீட்டுகள் நின்றன. அறுபது வயதுக்குக் கீழே, அல்லது மெனோபாஸ் வந்து பத்து வருடத்துக்குள், தொந்தரவு அதிகமாக இருந்து, மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ போன்ற தடைகள் இல்லாத பெண்ணுக்கு ஹார்மோன் சிகிச்சையில் பொதுவாக ஆபத்தைவிடப் பலனே அதிகம் என்று இந்தத் துறையின் மருத்துவ அமைப்புகள் இப்போது சொல்கின்றன. 2025 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இந்த மருந்துகளின் மேல் இருந்த கடுமையான எச்சரிக்கைக் கட்டத்தில் இதயநோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றிய வரிகளை எடுக்கப்போவதாக அறிவித்தது. உடனே மறுகோடிக்கும் ஓடிவிட்டார்கள் சிலர்: இருபது வருடம் பெண்களை ஏமாற்றிவிட்டார்கள், எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று. 48 வயதுக்காரிக்கும் 68 வயதுக்காரிக்கும், தோலில் ஒட்டும் பட்டைக்கும் விழுங்கும் மாத்திரைக்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சத்தத்திலும் கேட்பதில்லை.

பிரிட்டனில் இந்த ஊசலாட்டத்தைக் கண்கூடாகப் பார்க்கலாம். பிரபலமான பெண்கள் தொலைக்காட்சியில் மனம் விட்டுப் பேசினார்கள். வெட்கப்பட்டு ஒளித்ததைப் பெண்கள் வெளியே சொல்லத் தொடங்கினார்கள். ஹார்மோன் மருந்தின் தேவை ஏறியதில் 2022-இல் கடைகளில் சில மருந்துகள் கிடைக்காமலே போயின. அந்த வருடமே பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மார்த்தா ஹிக்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் எழுதினார்கள்: மெனோபாஸை எப்போதும் நோயாகவும் சரிவாகவும் காட்டினால் அதை எதிர்நோக்கும் பெண்களின் பயமே கூடும், அனுபவமும் மோசமாகும் என்று. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் கட்டுரைத் தொடரும் இதே பக்கம் சாய்ந்தது. எதிர்ப்பு கடுமையாக வந்தது. 'இயல்புதான்' என்று சொல்லிச் சொல்லியே எங்களைப் பல வருடம் திருப்பி அனுப்பினீர்களே என்றார்கள் பெண்கள். 

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நான் நழுவப்போவதில்லை. இயல்பு என்ற சொல் சிகிச்சைக்கு எதிரானதாக மாறும் இடத்தில் அது தப்பாகப் பயன்படுத்தப்படுகிறது. பிரசவ வலியும் இயல்புதான்; அதற்காக வலிநிவாரணி கேட்பவளை யாரும் திட்டக்கூடாது. உடல் கெட்டுப்போகவில்லை என்பதும் உனக்குத் தொந்தரவு இருந்தால் வைத்தியம் உண்டு என்பதும் ஒரே பத்தியில் சொல்லக்கூடிய விஷயங்கள். 

இனி நம் பக்கம். தமிழில் மெனோபாஸ் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப ஒரு பகுதி வரும்: மனைவி எரிந்து விழுவாள், கோபப்படுவாள், கணவரும் பிள்ளைகளும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று. நல்லெண்ணத்தோடு எழுதுவதுதான். ஆனால் அந்தப் பத்தியில் கஷ்டப்படுகிறவர் கணவர். பெண் அவருடைய கஷ்டத்துக்குக் காரணம். பிரெமரின் விளம்பரத்திலிருந்து இது ரொம்பத் தூரம் நகர்ந்துவிடவில்லை. ராத்திரி மூன்று தடவை நனைந்து எழுந்தவள் காலையில் ஐந்து மணிக்கு அடுப்படிக்குப் போகிறாள் என்றால், அவள் கோபத்துக்குக் காரணம் தூக்கமின்மைதான் என்று எழுத ஒரு வரி போதும். காலை டிபனை இனி வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுத இன்னொரு வரி.

'கொஞ்ச நாளில் சரியாகிவிடும்' என்ற ஆறுதலும் அப்படித்தான். அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த 'ஸ்வான்' ஆய்வு, அடிக்கடி சூடும் வேர்வையும் வந்த பெண்களுக்கு அது நீடித்த காலத்தின் நடுமதிப்பு 7.4 வருடம் (பாதிப் பேருக்கு இதைவிட அதிகம்) என்று 2015-இல் சொன்னது. கறுப்பினப் பெண்களுக்கு 10.1 வருடம். ஏழு வருடத்தைக் கொஞ்ச நாள் என்று சொல்லி அனுப்பியவரிடம் அந்தப் பெண் மறுபடி போய் நிற்கமாட்டாள். தனக்கு மட்டும்தான் இப்படி என்று உள்ளுக்குள் வைத்துக்கொள்வாள். கட்டுரையின் கடைசியில் சோயா, எள், உளுந்து என்று உணவுப் பட்டியல் ஒன்றும் இருக்கும். எலும்புக்கும் உடம்புக்கும் இவை நல்லவையே, சாப்பிடலாம். ஆனால் சூட்டையும் வேர்வையையும் சோயா உணவு குறைக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று மெனோபாஸ் மருத்துவர்களின் வட அமெரிக்கச் சங்கம் 2023-இல் சொல்லிவிட்டது. ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு மாத்திரைகளும், பயிற்சி பெற்றவர் தரும் உளவியல் சிகிச்சையும் பலன் தருவதாக அதே ஆவணம் சொல்கிறது. அது நம் பட்டியலில் வருவதே இல்லை.

நம் உலா இலக்கியத்தில் பெண்ணுக்கு ஏழு பருவம். பேதையில் தொடங்கி, பேரிளம்பெண்ணில் முடியும். அதற்குச் சொல்லும் வயது 32 முதல் 40 வரை. நாற்பதுக்குப் பிறகு அந்த வரிசையில் பெண்ணுக்குப் பெயரே இல்லை. அது உலா வரும் தலைவனின் கண்ணுக்காகப் போட்ட கணக்கு, சரி. ஆனால் இன்றைய தேசியக் குடும்பநல ஆய்விலும் பெண்களிடம் கேள்வி கேட்பது 15 முதல் 49 வயதுவரைதான். பிள்ளை பெறும் வயதோடு கணக்கெடுப்பும் முடிந்துவிடுகிறது. எண்ணப்படாதவர்களைப் பற்றி எழுதும்போது வெளிநாட்டு எண்களை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவதும், பொத்தாம் பொதுவாகப் பேசுவதும் இதனால்தான் நடக்கிறது.

இந்தியச் சூழலில் மொழியின் விலை இன்னும் கூடுதல், ஏனென்றால் இங்கே அது கத்தி வரை போகிறது. "பிள்ளை பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு, எடுத்துடலாம்" என்ற பேச்சைக் கேட்காத ஊர் இல்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் 2019-இல் அரசுக் குழு கணக்கெடுத்தபோது, 82 ஆயிரத்துச் சொச்சம் பேரில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. எடுக்காவிட்டால் புற்றுநோய் வரும் என்று சொன்னார்கள் என அவர்களில் பலர் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். தேசியக் குடும்பநல ஆய்வில் ஆந்திரம், தெலங்கானா, பிகார் மாநிலங்களில் கருப்பை நீக்கம் நாட்டின் சராசரியைவிட அதிகம். தேவையற்ற அறுவைகளைக் கண்காணிக்கும் வழிகாட்டுதலை நடைமுறைப்படுத்தும்படி 2023-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

'பையை எடுத்தாச்சு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதில் ஒரு முக்கியத் தகவல் தொலைகிறது. கருப்பையை மட்டும் எடுத்தார்களா, சினைப்பையையும் சேர்த்தா? கருப்பை மட்டும் போனால் மாதவிடாய் நிற்கும். ஹார்மோன் தொடரும், மெனோபாஸ் சற்று முன்னதாக வரலாம். இரண்டு சினைப்பையும் போனால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் சரிந்துவிடும். முப்பத்தைந்து வயதில் அப்படி ஆனவருக்கு எலும்பும் இதயமும் பாதிக்கப்படும் ஆபத்து கூடும். அதனால் தடை ஏதும் இல்லையென்றால் இயல்பான மெனோபாஸ் வயதுவரையாவது ஹார்மோன் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தன் டிஸ்சார்ஜ் சம்மரியில் எது எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்பதே பல பெண்களுக்குத் தெரியாது. கருப்பை நீக்கத்தையும் மெனோபாஸையும் ஒன்றாகக் குழப்பி எழுதும் ஒவ்வொரு கட்டுரையும் இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது.

கடைசியாக ஒன்று. 'இந்த வயசில் இப்படித்தான் இருக்கும்' என்ற வாக்கியம் உயிருக்கே ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்தபின் மறுபடி ரத்தம் பட்டால், ஒரு துளியே ஆனாலும், அதை மாதவிடாய் திரும்பிவிட்டது என்றோ ஹார்மோன் கோளாறு என்றோ விடக்கூடாது. 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி ரத்தம் பட்ட பெண்களில் சுமார் 9 சதவீதம் பேருக்கே கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருந்தது. பெரும்பாலோருக்கு வேறு சாதாரணக் காரணம். ஆனால் அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் சுமார் 91 சதவீதம் பேருக்கு இந்த ரத்தப்போக்கு இருந்தது. அதாவது உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தவும் முடியும். அடுத்த மெனோபாஸ் கட்டுரையை எழுதுகிறவர், மனைவியின் கோபம் பற்றிய பத்திக்கு ஒதுக்கிய இடத்தில் இந்த வாக்கியத்தைப் போடட்டும்: நின்ற பிறகு ரத்தம் பட்டால் அந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள், உங்களுக்கு 52 வயதானாலும் 72 வயதானாலும்.